பணியிடத்தில் பாகுபாடு காட்டப்பட்டால் சட்டத்தின் துணையை நாடுவது எப்படி

பணியிடத்தில் நேரும் எல்லா அநீதியையும் சட்டம் பாகுபாடு என்று ஏற்பதில்லை. முன்கோபக்கார மேலாளர் ஒருவர் தமக்குக் கீழே வேலை பார்க்கும் பத்துப் பேரையும் ஒரே மாதிரி வாட்டி எடுத்தால் அது கொடுமைதான், ஆனாலும் பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் அது பாகுபாடு ஆகாது. அதே மேலாளர் எட்டுப் பேரை விட்டுவிட்டு, கருவுற்றிருக்கும் ஒருவரையும் வேற்று மதத்தைச் சேர்ந்த ஒருவரையும் மட்டும் குறிவைத்தால் அங்கே சட்டத்துக்கு வேலை வந்துவிடுகிறது. இந்த வகைச் சட்டங்கள், நடந்தது நியாயமா என்று கேட்பதைவிட, எந்தக் காரணத்துக்காக நடந்தது என்றே கேட்கின்றன. குறிப்பெழுதுவது முதல் தீர்ப்பாயத்தில் வாதாடுவது வரை, பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டிய வேலைகள் அனைத்தும் அந்தக் காரணத்தை வெளியே கொண்டுவரும் வேலைகளே. பக்கம் பக்கமாக மனக்குறையை எழுதிவிட்டுக் காரணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத புகார், எத்தனை உண்மையானதாக இருந்தாலும் எளிதில் தள்ளுபடியாகிவிடும்.

முதலில்: எந்த அடிப்படையில், எந்தச் சட்டத்தின் கீழ்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1958இல் ஏற்றுக்கொண்ட 111ஆவது உடன்படிக்கை, வேலைவாய்ப்பில் பாகுபாட்டுக்கு இன்றும் அடித்தளமான வரையறையைத் தருகிறது. இனம், நிறம், பால், மதம், அரசியல் கருத்து, தேசிய மரபு, சமூகப் பின்புலம் ஆகிய 7 அடிப்படைகளில் ஒன்றைக் கொண்டு ஒருவரை வேறுபடுத்துவதோ, விலக்குவதோ, இன்னொருவருக்கு முன்னுரிமை தருவதோ, அதனால் வாய்ப்பின் சமத்துவம் கெடுமானால், பாகுபாடு ஆகும் என்கிறது அது. சாதியைச் சமூகப் பின்புலம் என்ற சொல்லுக்குள் அடக்கியே அவ்வமைப்பின் கண்காணிப்புக் குழுக்கள் பொருள் கொள்கின்றன. இந்த உடன்படிக்கையை 170க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுள்ளன. அவற்றில் பல நாடுகள் தத்தம் சட்டங்களில் வயது, மாற்றுத்திறன், கருவுற்ற நிலை, பாலின அடையாளம், பாலியல் நாட்டம், தொழிற்சங்க உறுப்பினர் நிலை போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டன. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், எடுத்துக்காட்டாக, 9 பண்புகளைப் பாதுகாக்கிறது. ஆகவே முதல் வேலை, நீங்கள் வேலை பார்க்கும் நாட்டின் சட்டத்தில் உங்களுக்குப் பொருந்தும் அடிப்படை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. உங்கள் குடியுரிமை எந்த நாட்டுடையதாக இருந்தாலும், வேலை செய்யும் மண்ணின் சட்டமே பொதுவாகப் பொருந்தும்.

இரண்டாவது, உங்கள் முதலாளி யார் என்பது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தில் சமத்துவ உரிமை எழுதப்பட்டிருக்கிறது என்பதாலேயே அது தனியார் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட முடியாது. இந்திய அரசமைப்பின் 16ஆவது பிரிவு அரசுப் பணிகளுக்கான வாய்ப்பில் சமத்துவத்தை உறுதிசெய்கிறது. தனியார் ஊழியரோ ஊதியம், மகப்பேறு, மாற்றுத்திறன், பாலியல் துன்புறுத்தல் என்று பொருள்வாரியாக உள்ள தனிச் சட்டங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஒரே சட்டம் இரு தரப்பையும் தழுவுகிறது. ஒப்பந்ததாரர் மூலமாக வேலைக்கு வந்தவர்கள், சம்பளம் தருபவர் யார், வேலை வாங்குபவர் யார் என்று இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். புகார் பெரும்பாலும் இருவர் மேலும் செல்லும்.

பாதுகாப்பு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது என்று எண்ண வேண்டாம். விளம்பரம், நேர்காணல், பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பது, சம்பளம், பதவி உயர்வு, இடமாற்றம், பணிநீக்கம் என எல்லாக் கட்டங்களும் இதில் அடங்கும். நெதர்லாந்தில் ஒரு பணிக்கு மிகப் பொருத்தமானவர் என்று தேர்வுக் குழுவே பரிந்துரைத்த பெண்ணை, அவர் கருவுற்றிருந்தார் என்பதற்காக நிறுவனம் சேர்க்க மறுத்தது. டெக்கர் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் 1990இல் ஐரோப்பிய நீதிமன்றம், கருவுற்றிருப்பதற்காக மறுப்பது நேரடிப் பாலினப் பாகுபாடே என்றும், அந்த வேலைக்கு ஆண்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பது ஒரு பதிலாகாது என்றும் கூறியது.

வெளிப்படையாகத் தெரியாத பாகுபாடு

நேரடிப் பாகுபாட்டை விளக்கத் தேவையில்லை. அதற்கு ஆளானவருக்கு அது தெரியும். சிக்கல், எல்லோருக்கும் ஒன்றுபோலத் தோன்றும் விதிகளில் இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினாவில் இருந்த மின் நிறுவனம் ஒன்று, 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம் வருவதற்கு முன் கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலி வேலைப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. சட்டம் வந்ததும் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, மற்றப் பிரிவுகளுக்கு மாற வேண்டுமானால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் அல்லது பொது அறிவுத்திறன் தேர்வுகளில் தேற வேண்டும் என்றது. விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் நெடுங்காலம் தரமான பள்ளி மறுக்கப்பட்டவர்களையே அது பெரிதும் வெளியே நிறுத்தியது. அந்தச் சான்றிதழும் தேர்வும் அந்த வேலையைச் செய்யும் திறமையை அளப்பவையாகவும் இல்லை. கிரிக்ஸ் வழக்கு எனப்படும் இதில் 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முதலாளியின் நோக்கம் நல்லதா கெட்டதா என்பதோடு நில்லாமல் விதியின் விளைவையும் பார்க்க வேண்டும் என்று தீர்த்தது. மறைமுகப் பாகுபாடு என்று இன்று பல நாடுகளின் சட்டங்கள் சொல்வது இங்கிருந்து வளர்ந்ததுதான்.

ஆகவே ஒரு விதி உங்களைப் பாதிக்கும்போது மூன்றைக் கேட்டுப் பாருங்கள். அது உங்களைப் போன்றவர்களையே மிகுதியாகப் பாதிக்கிறதா? அந்த வேலைக்கு அது உண்மையிலேயே தேவையா? அதே நோக்கத்தை வேறு வழியில், குறைந்த பாதிப்போடு நிறைவேற்ற முடியாதா? மாலை ஏழு மணிக்கு மேல் நடக்கும் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்கே பதவி உயர்வு என்னும் எழுதப்படாத விதி, கைக்குழந்தை உள்ளவர்களை எப்படி வடிகட்டும் என்று யோசித்தால் இது விளங்கும். அதே வேளையில், ஒரு வேலையின் இயல்பே கோரும் தகுதியைக் கேட்பது பாகுபாடு ஆகாது. நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவர்களுக்காகச் செய்யப்படும் சிறப்பு ஏற்பாடுகளும் 111ஆவது உடன்படிக்கையின்படி பாகுபாடு அல்ல.

துன்புறுத்தலும் பாகுபாட்டின் ஒரு வடிவமே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆவது உடன்படிக்கை, அது ஒரே ஒரு முறை நடந்தாலும் துன்புறுத்தலே என்கிறது. பணிப் பயணம், வேலை சார்ந்த செய்திப் பரிமாற்றம், முதலாளி தரும் தங்குமிடம் ஆகியவற்றையும் பணிச்சூழலுக்குள் கொண்டுவருகிறது. "ஒரு தடவைதானே" என்று சமாதானம் சொல்பவர்களுக்கு இதைச் சுட்டிக்காட்டலாம்.

எழுதி வைப்பது

சட்ட அறிவைவிட இதற்கே முதலிடம் தருவேன். சம்பவம் நடந்த அன்றே, முடிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள், நாள், நேரம், இடம், உடனிருந்தவர்கள், பேசப்பட்ட சொற்கள் ஆகியவற்றை எழுதிவிட வேண்டும். "மேலாளர் என்னை அவமானப்படுத்தினார்" என்ற குறிப்பால் பயனில்லை. "கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்போது, உங்கள் ஆட்களுக்கு இந்தப் பொறுப்பெல்லாம் சரிப்படாது என்றார், பக்கத்தில் இருவர் இருந்தார்கள்" என்ற குறிப்பே பேசும். உங்களுக்குச் சாதகமில்லாததையும் எழுதுங்கள். அன்று நீங்கள் தாமதமாக வந்திருந்தால் அதையும் குறியுங்கள், எதிர்த்தரப்பு எப்படியும் அதைச் சொல்லும். குறிப்பில் அது ஏற்கெனவே இருந்தால் மற்ற வரிகளின் நம்பகத்தன்மை கூடும்.

இந்தக் குறிப்பேடு அலுவலகக் கணினியிலோ அலுவலக மின்னஞ்சலிலோ இருக்கக்கூடாது. பணிநீக்க ஆணை கைக்கு வரும் நாளில் கடவுச்சொல்லும் முடக்கப்பட்டுவிடும். நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், பணி மதிப்பீட்டு அறிக்கைகள், பாராட்டுக் கடிதங்கள், மெமோக்கள், நிறுவனத்தின் நடத்தை விதிகள், பதவி உயர்வுக்கான அறிவிப்பு ஆகியவற்றின் படிகளை வீட்டில் வைத்திருங்கள். ஆனால் ஆதாரம் திரட்டுகிறேன் என்று வாடிக்கையாளர் விவரங்களையும் பிற ஊழியர்களின் கோப்புகளையும் எடுத்துச் செல்லாதீர்கள். அது உங்களைப் பணிநீக்கம் செய்ய முதலாளிக்கு நீங்களே தரும் நல்ல காரணமாகிவிடும். உரையாடலை ரகசியமாக ஒலிப்பதிவு செய்வதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்; பேசுவோரில் ஒருவர் சம்மதம் போதும் என்னும் சட்டங்களும் உண்டு, எல்லோர் சம்மதமும் இல்லாவிட்டால் குற்றம் என்னும் சட்டங்களும் உண்டு. எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியாமல் கைப்பேசியைச் சட்டைப் பையில் ஓடவிடாதீர்கள்.

இனி, காரணத்தை எழுத்தில் வாங்கும் வழி. பதவி உயர்வு மறுக்கப்பட்டது வாய்மொழியாகச் சொல்லப்பட்டால், அன்றே ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்று காலை நாம் பேசியதில், குழுவை நடத்திய அனுபவம் எனக்குப் போதாது என்பதால் இம்முறை என் பெயர் பரிசீலிக்கப்படவில்லை என்று தெரிவித்தீர்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று உறுதிசெய்யவும், அடுத்த முறைக்கு நான் நிறைவுசெய்ய வேண்டிய தகுதிகளைத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்." இதில் குற்றச்சாட்டு இல்லை, கோபம் இல்லை. ஆனால் சொல்லப்பட்ட காரணம் இப்போது தேதியோடு பதிவாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து, அனுபவக் குறை என்பது மாறி ஒழுங்கின்மை என்று விளக்கம் வந்தால், அந்த மாற்றமே உங்கள் ஆதாரம்.

2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ரீவ்ஸ் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 57 வயது மேற்பார்வையாளர் ஒருவரை, வருகைப் பதிவேட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று காரணம் காட்டி நிறுவனம் நீக்கியது. தம் பதிவேடுகள் சரியாகவே இருந்தன என்று அவர் சான்று காட்டினார். கூடவே, முடிவெடுத்தவர்களில் ஒருவர் அவருடைய வயதைக் கேலி செய்து பேசியதும் வெளிவந்தது. முதலாளி சொன்ன காரணம் பொய் என்று நிறுவப்பட்டால், அதை வைத்தே உண்மைக் காரணம் பாகுபாடுதான் என்று நடுவர் குழு முடிவுக்கு வர இடமுண்டு என்றது நீதிமன்றம். உள்மனத்தில் இருப்பதை நேரடியாக நிரூபிப்பது யாருக்கும் இயலாத காரியம். வெளியே சொன்னது நிற்கவில்லை என்று காட்டுவது இயலும்.

யாரோடு ஒப்பிடுவது

அடுத்த வேலை, உங்கள் நிலையில் இருந்தும் வேறுவிதமாக நடத்தப்பட்ட ஒருவரைக் காட்டுவது. ஒரே வேலை, ஒரே மேலாளர், ஏறத்தாழ ஒரே அனுபவம், பாதுகாக்கப்பட்ட அந்த ஒரு பண்பில் மட்டும் வேறுபாடு என்று எவ்வளவுக்கு நெருங்குகிறாரோ அவ்வளவுக்கு ஒப்பீடு வலுக்கும். பல துறைகளைக் கடந்து, வேறு பதவியில் இருக்கும் ஒருவரோடு ஒப்பிட்டால் எதிர்த்தரப்பு இரண்டே நிமிடத்தில் உடைத்துவிடும்.

ஊதியத்தில் இந்த ஒப்பீடு கொஞ்சம் விரிகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு 100ஆவது உடன்படிக்கை சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. பதவியின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் 1987இல் வந்த மெக்கின்னன் மெக்கென்சி வழக்கில், பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடக் குறைவான ஊதியம் தரப்பட்டிருந்தது. பெண்கள் உயர் அலுவலர்களோடு இணைந்து ரகசியப் பணி பார்ப்பவர்கள், ஆகவே வேறு வகையினர் என்றது நிறுவனம். தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தையும், தன் பணநிலைமையையும் காட்டிப் பார்த்தது. எதுவும் எடுபடவில்லை. வேலையின் தன்மை ஏறத்தாழ ஒன்றா என்று பார்த்தால் போதும், சிறு வேறுபாடுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளம் தெரியாமல் எப்படி ஒப்பிடுவது என்ற கேள்வி இயல்பானது. சம்பளத்தைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தடுக்கும் ஒப்பந்த வரி பல நாடுகளில் செல்லாது அல்லது பாகுபாட்டை அறியும் நோக்கில் பேசும்போது செல்லாது. இதைச் சரிபார்த்துக்கொண்டு நம்பிக்கையானவர்களிடம் கேட்கலாம்.

காலவரம்பு

பாகுபாட்டு வழக்குகளைக் கொல்வதில் காலவரம்புக்கு நிகர் வேறில்லை. அமெரிக்காவில், வேலைவாய்ப்பில் பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான சமவாய்ப்பு ஆணையத்திடம் சம்பவம் நடந்து 180 நாட்களுக்குள் புகார் தர வேண்டும். சம்பவம் நடந்த மாநிலத்தில் இதே பொருளில் சட்டமும் அதைச் செயல்படுத்தும் அமைப்பும் இருந்தால் 300 நாட்கள். இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதங்களுக்குள், நிறுவனத்துக்குள்ளேயே இதற்கென அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டலாம். இத்தகைய வரம்புகள் சட்டத்திருத்தங்களால் மாறக்கூடியவை என்பதால், உங்களுக்குரிய இன்றைய வரம்பை முதல் வாரத்திலேயே கேட்டறிந்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

நிறுவனத்துக்குள் விசாரணை நடக்கிறதே, அது முடியட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உள் விசாரணை நடப்பதால் வெளியே கடிகாரம் பொதுவாக நிற்பதில்லை. நான்கு மாதம் இழுத்தடிக்கப்பட்ட உள் விசாரணையின் முடிவு கைக்கு வரும்போது, வெளியே போகும் வாசல் அடைபட்டிருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதும் சண்டைக்குரியதே. லில்லி லெட்பெட்டர் என்ற அமெரிக்கப் பெண், டயர் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ 19 ஆண்டு வேலை பார்த்தவர். ஓய்வுக்கு நெருங்கிய காலத்தில், யாரோ பெயரில்லாமல் எழுதி வைத்த துண்டுச்சீட்டின் மூலமே, அதே பதவியிலிருந்த ஆண்களைவிடத் தமக்குக் குறைவான சம்பளம் தரப்பட்டு வந்ததை அறிந்தார். 2007இல் உச்ச நீதிமன்றம், குறைவாகத் தருவது என்று முடிவெடுத்த நாளிலிருந்தே 180 நாள் கணக்கு என்று சொல்லி 5க்கு 4 என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளியது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் தந்திருக்க முடியும் என்ற கேள்வி எழுந்து, 2009இல் அவர் பெயரிலேயே வந்த சட்டம், பாகுபாடான சம்பளம் தரப்படும் ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று மாற்றியது. அவருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. தொடர்ந்து நடக்கும் பாகுபாட்டில் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம் என்று பல சட்டங்கள் சொன்னாலும், அதை நம்பிக் காத்திராமல் முதல் சம்பவத்திலிருந்து எண்ணிக்கொண்டு செயல்படுவதே பாதுகாப்பு.

உள் புகாரை எழுதும் முறை

புகார் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நிகழ்ச்சிகளைத் தேதி வரிசையில் வையுங்கள்; பெயரடைகளைக் குறையுங்கள். மிக முக்கியமாக, இது இன்ன அடிப்படையிலான பாகுபாடு என்று நான் கருதுகிறேன் என்று வெளிப்படையாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். "என்னைச் சரியாக நடத்தவில்லை" என்று மட்டும் எழுதினால், பின்னால் பழிவாங்கப்படும்போது, இவர் பாகுபாடு பற்றிப் புகார் செய்ததாகவே எங்களுக்குத் தெரியாது என்று நிறுவனம் சொல்ல வழி கிடைக்கும். இறுதியில் என்ன வேண்டும் என்பதையும் கேளுங்கள்: மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்வதா, சம்பள வேறுபாட்டைத் தருவதா, வேறு மேலாளரின் கீழ் மாற்றுவதா. அனுப்பியதற்கும் பெற்றதற்கும் சான்று இருக்கும் வழியில் அனுப்புங்கள்.

மனிதவளத் துறையில் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அத்துறை நிறுவனத்தைக் காப்பதற்காகச் சம்பளம் பெறுகிறது என்பதை மறக்கக்கூடாது. மனம் விட்டுப் பேசச் சொன்னாலும் எழுதியதைத் தாண்டிப் பேசாதீர்கள். விசாரணைக்கு அழைக்கப்பட்டால், தொழிற்சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியர் ஒருவரையோ உடன் அழைத்துவர அனுமதி கேளுங்கள்; பேசியவற்றின் பதிவில் கையெழுத்திடும் முன் படியுங்கள். ஏற்க முடியாத மெமோ ஒன்றில் கையெழுத்து கேட்டால் மறுத்து ரகளை செய்வதைவிட, "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதித் தேதியோடு கையெழுத்திடுவது மேல்.

மாற்றுத்திறன் உள்ளவர்களும், பணிக்காலத்தில் உடல்நலம் குன்றியவர்களும், பாகுபாடு நடந்த பிறகு புகார் தருவதற்கு முன்பே ஒரு படி எடுத்து வைக்கலாம். ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, முதலாளிக்கு அளவுக்கு மீறிய சுமையாகாத நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அந்த வசதியை எழுத்தில் கேளுங்கள். நோயின் முழு வரலாற்றையும் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பணியைச் செய்வதில் இடர்ப்பாடு, எந்த ஏற்பாடு அதை நீக்கும் என்று சொன்னால் போதும்: திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், உட்கார்ந்து பார்க்கும் வேலை, பணிநேர மாற்றம். கேட்டது பதிவானால், பிறகு திறமைக் குறைவு என்று நீக்கும்போது, கேட்ட வசதியை ஏன் தரவில்லை என்ற கேள்விக்கு முதலாளி பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

புகாருக்குப் பின் வரும் பழிவாங்கல்

புகார் தந்தவரை நீக்குவது, தாழ்த்துவது, ஒதுக்குவது ஆகியவை தனிக் குற்றச்சாட்டாக நிற்கும். மூலப் புகார் தோற்றாலும், அதை நல்லெண்ணத்தோடு தந்திருந்தால் பழிவாங்கல் வழக்கு வெல்லக்கூடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆவது உடன்படிக்கை, முதலாளிக்கு எதிராகப் புகார் தந்தது பணிநீக்கத்துக்குச் சரியான காரணம் ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அமெரிக்கச் சமவாய்ப்பு ஆணையத்துக்கு வரும் புகார்களில் பழிவாங்கலைச் சொல்பவையே அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி.

பழிவாங்கல் எப்போதும் பணிநீக்கமாகவே வருவதில்லை. ரயில் நிறுவனம் ஒன்றில் சுமை தூக்கும் வண்டி ஓட்டிய பெண் ஒருவர் புகார் தந்ததும், அவர் தண்டவாளப் பராமரிப்புக் கூலி வேலைக்கு மாற்றப்பட்டார். பின் 37 நாட்கள் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்யப்பட்டார். சம்பளம் பின்னால் தரப்பட்டுவிட்டதே என்று நிறுவனம் வாதிட்டது. சாதாரண ஊழியர் ஒருவரைப் புகார் தராமல் பின்வாங்க வைக்கக்கூடிய எந்தச் செயலும் பழிவாங்கலே என்று 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒயிட் வழக்கில் தீர்த்தது. ஒரு மாதச் சம்பளமில்லாமல் குடும்பம் நடத்துவது எப்படி என்பதை நீதிபதிகள் எண்ணிப் பார்த்தார்கள் என்பது ஆறுதலான செய்தி.

இதை நிரூபிப்பதில் தேதிகளே பாதி வேலையைச் செய்துவிடும். ஐந்தாண்டு நல்ல மதிப்பீடு, பின் புகார், புகாருக்கு மூன்று வாரத்தில் முதல் மெமோ என்ற வரிசை தானே பேசும். அதனால் புகார் தந்த பிறகு வருகையிலும் வேலையிலும் ஒரு குறையும் வைக்காதீர்கள். சமூக ஊடகத்தில் நிறுவனத்தைத் திட்டி எழுதாதீர்கள். மனம் வெறுத்து ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். விலகும்படி நெருக்கப்பட்டேன் என்று வாதிட வழியுண்டு என்றாலும், நிலைமை தாங்க முடியாததாக இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும், அது மிகக் கடினம்.

வெளி அமைப்புகளும் சமரசமும்

உள்ளே தீர்வு கிடைக்காவிட்டால் தொழிலாளர் துறை, சமத்துவ ஆணையம், மனித உரிமை ஆணையம், தொழில் தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று நாட்டுக்கு நாடு வெவ்வேறு வாசல்கள் உண்டு. சில நாடுகளில் ஆணையத்தையோ சமரச அமைப்பையோ அணுகாமல் நேரே நீதிமன்றம் போக முடியாது. இலவசச் சட்ட உதவி மையங்களும் தொழிற்சங்கங்களும் இந்த வரிசையைச் சொல்லித் தரும். முதல் ஆலோசனைக்காகவாவது அவர்களைப் பாருங்கள்.

அங்கே முழுச் சுமையும் உங்கள் மேலேயே இருக்கும் என்று அஞ்ச வேண்டாம். உறுப்பு நாடுகள் தத்தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டியவை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் வகுத்த நெறிமுறைகளின்படி, பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கருத இடம் தரும் உண்மைகளை ஊழியர் காட்டிவிட்டால், அப்படி நடக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை முதலாளிக்கு மாறுகிறது. மகப்பேற்றுக் காலப் பணிநீக்கத்தில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு 183ஆவது உடன்படிக்கை, காரணம் மகப்பேறு அல்ல என்று நிறுவும் பொறுப்பை முதலாளி மேலேயே வைக்கிறது. நீங்கள் எழுதி வைத்த குறிப்புகளும், எழுத்தில் வாங்கிய காரணமும், பொருத்தமான ஒப்பீடும் இந்தச் சுமையை எதிர்த்தரப்புக்கு நகர்த்தும் கருவிகள்.

வெற்றி பெற்றால் மீண்டும் பணி, நிலுவைச் சம்பளம், இழப்பீடு, விதியை மாற்றும் ஆணை ஆகியவற்றில் சில கிடைக்கலாம். பெரும்பாலும் அதற்கு முன்பே நிறுவனம் சமரசம் பேச வரும். அது தோல்வி அல்ல. நான்காண்டு வழக்கைவிட இன்று கையில் வரும் தொகை சிலருக்கு நல்லது. ஆனால் அன்றே கையெழுத்திடச் சொன்னால் இடாதீர்கள், சில நாட்கள் அவகாசம் கேளுங்கள். தொகை எந்த நாளில் வரும், அதில் எவ்வளவு வரி பிடிக்கப்படும், பணி அனுபவச் சான்றிதழில் எழுதப்படும் சொற்கள் எவை, பிற நிறுவனம் விசாரித்தால் என்ன சொல்லப்படும் என்பவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்ற வரியைத் தனியே படியுங்கள். அரசு அமைப்பிடமோ காவல் துறையிடமோ உண்மையைச் சொல்வதைத் தடுக்கும்படி அது எழுதப்பட்டிருந்தால், நீக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள்.